முதல் பந்தி மண்ணுக்கு

புறநகரில் புதுவீடு கட்டிக் குடிபோனவர்களிடம் ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை சென்ட் இடம் மிச்சம் இருக்கும். கிரகப்பிரவேசம் முடிந்த மறுவாரமே நர்சரிக்குப் போய் கறிவேப்பிலை, கொய்யா, ரோஜா, இருபது தக்காளி நாற்று என்று ஆட்டோ நிறைய ஏற்றி வருவார்கள். குழி தோண்டும்போது கடப்பாரை ஜல்லியில் 'ணங்' என்று மோதும். எப்படியோ நட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். இரண்டு மாதம் போனால் கறிவேப்பிலை வெளுத்திருக்கும், தக்காளி முழங்கால் உயரத்தைத் தாண்டியிருக்காது. "இந்த மண்ணுல ஒண்ணும் வராதுங்க" என்று கதை முடியும்.

அவர்கள் சொல்வது பாதி சரி. அந்த இடத்தில் இருப்பதை மண் என்று சொல்வதே கொஞ்சம் தாராளம். மனை போடும்போது சாலை மட்டத்துக்கு உயர்த்த லோடு லோடாகக் கிராவல் அடித்திருப்பார்கள். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய அடிமண் அதன்மேல் பரவியிருக்கும். பொக்லைனும் லாரியும் ஏறி இறங்கி இறுகிய தரையில் கொத்தனார் சட்டி கழுவிய சிமெண்டுப் பால் ஊறியிருக்கும். பல வருடம் சருகு மக்கி, புழு பூச்சி வாழ்ந்த பழைய மேல்மண் எங்கே என்றால், மூன்றடிக்குக் கீழே புதைந்து கிடக்கிறது. ஆக, செடியை வாங்குவதற்கு முன்னால் அந்த மேல்மண்ணைத் திரும்ப உண்டாக்க வேண்டும். அதற்கு எருவும் இலையும் தழையும் வேண்டும். இவை மூன்றையும்விடத் தட்டுப்பாடான ஒன்றும் வேண்டும்: மூன்று மாத அவகாசம்.

எரு என்ன செய்கிறது?

எரு என்றால் செடிக்குச் சத்து என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது அவ்வளவு எடுபடாது. நல்ல தொழு உரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) அரை சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். 100 கிலோ எருவில் அரைக் கிலோ. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து என்பதால், ஒரு கிலோவுக்குச் சற்று மேலே யூரியா வாங்கினால் அதே அளவு கிடைத்துவிடும். அப்புறம் எதற்கு 100 கிலோவை முதுகு ஒடியச் சுமக்க வேண்டும்?

மீதி 99 கிலோவுக்காகத்தான். அதில் தண்ணீரைக் கழித்தால் நிற்பது பெரும்பாலும் கரிமப் பொருள். அது மண்ணில் வாழும் பாக்டீரியாக்களுக்கும் பூஞ்சைகளுக்கும் மண்புழுக்களுக்கும் சாப்பாடு. அவை தின்னும்போது பிசினைப் போல ஒன்றைக் கசிய விடுகின்றன. பூஞ்சைகள் நூல் நூலாகப் படர்ந்து மண் துகள்களைச் சேர்த்துக் கட்டுகின்றன.

பொரி உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். தனிப் பொரியாக இருந்தால் விரலிடுக்கில் வழிந்துபோகும். வெல்லப்பாகு சேர்த்துப் பிடித்தால் உருண்டையாக நிற்கும். ஆனாலும் உள்ளே பொரிக்கும் பொரிக்கும் நடுவே இடைவெளி இருக்கும். நல்ல மண் இப்படித்தான். பொரி மண் துகள், பாகு நுண்ணுயிர்கள் கசியவிட்ட பிசின். இடைவெளிகளில் பெரியவை மழைநீரைக் கீழே வடித்துவிட்டுக் காற்றை வைத்துக்கொள்ளும். சிறியவை தண்ணீரைப் பிடித்துவைத்து வேருக்குக் கொடுக்கும். தோட்டத்துக்கு ஏற்ற மண்ணில் பாதிதான் திடப்பொருள், மீதிப் பாதி இந்தக் காற்றும் தண்ணீரும்தான் என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இதைத்தான்.

இதனால்தான் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு நோய்களுக்கும் எரு ஒரே மருந்தாகிறது. கடற்கரைப் பக்கத்து மணல் தனிப் பொரி; ஊற்றிய தண்ணீர் நிற்காது, எரு அதைச் சேர்த்துப் பிடிக்கும். வயலை மனையாக்கிய இடத்துக் களிமண் அப்பிப் பிசைந்த மாவு. தண்ணீர் இறங்காது, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். எரு அதைச் சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிரித்துவிடும். களிமண்ணை இளக்க மணல் கொட்டுகிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். கொஞ்சமாகக் கலந்த மணல் களிமண்ணுக்குள் புதைந்து செங்கல் போல இறுகத்தான் உதவும். மணலுக்குக் கொடுக்கும் காசில் எரு வாங்கலாம்.

முதலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஒரு லிட்டர் கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி ஓரமாக வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் உட்கார்ந்துவிடும். வண்டல் சில மணி நேரத்தில் அதன்மேல் படியும். களி படிய ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். எந்த அடுக்கு தடிமனோ அதுதான் உங்கள் மண்ணின் குணம். அடுத்து ஓரடி ஆழக் குழியில் தண்ணீரை நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பிக் கவனியுங்கள். இரண்டாவது முறை ஊற்றியது மறுநாள் காலையிலும் நின்றால் வடிகால் இல்லை என்று அர்த்தம். அங்கே குழிக்குள் நடுவதை மறந்துவிட்டு மேட்டுப்பாத்தி போடுவதே நல்லது.

அரசு மண் பரிசோதனை நிலையங்களில் சிறு கட்டணத்துக்கு மண்ணைச் சோதித்துத் தருகிறார்கள். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு 'வி' வடிவத்தில் அரையடி ஆழம் வெட்டி, அதன் பக்கவாட்டிலிருந்து சீவி எடுங்கள். நாலைந்து இடத்தில் இப்படி எடுத்துக் கலந்து, அரைக் கிலோ கொடுத்தால் போதும். முடிவு வந்ததும் இரண்டு எண்களைத் தேடுங்கள். அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75-க்கு மேலே இருந்தால் நன்று. நம் பக்கத்து வெயிலில் அரையைத் தாண்டாத மண்தான் அதிகம். கிராவல் அடித்த மனையில் அதுவும் இருக்காது. அடுத்தது கார அமில நிலை. அது 8.5-ஐத் தாண்டினால் களர் நிலமாக இருக்கலாம். களருக்கு எரு மட்டும் போதாது, ஜிப்சம் தேவைப்படும். எவ்வளவு என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சிமெண்டுக் கலவை கொட்டிய இடத்திலும் காரம் ஏறியிருக்கும். துளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால், மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியவில்லை என்று பொருள். அங்கே இரும்புச் சத்து மருந்து தேடி அலைவதைவிட, உடைந்த பூச்சு, கலவைக் கட்டி, ஜல்லி எல்லாவற்றையும் கொத்தனார் சல்லடையில் சலித்து வெளியே எறிவது பெரிய வைத்தியம். முதுகு வலிக்கும் வேலைதான். ஒரு தடவை செய்தால் போதும்.

மக்கியதா, மக்காததா?

புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். நானும் சறுக்கினேன். பக்கத்து மாட்டுத் தொழுவத்தில் சும்மா கொடுத்தார்கள் என்று பத்துச் சட்டி பச்சைச் சாணத்தையும் மரப்பட்டறைத் தூளையும் பாத்தியில் கொத்திவிட்டு, மறுநாளே கத்தரி நாற்று நட்டேன். நாற்று மஞ்சளாக நின்றது. எரு போட்டும் மஞ்சளா என்று இன்னும் கொஞ்சம் சாணம் போட்டேன். கறையான்தான் வந்தது.

நடந்தது இதுதான். நுண்ணுயிர்கள் கரிமத்தைத் தின்று உடம்பை வளர்க்கத் தழைச்சத்தும் வேண்டும். சாப்பாட்டில் சுமார் 25 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து இருந்தால் அவற்றுக்குப் போதும். நாள்பட்ட மாட்டுச் சாணம் ஏறக்குறைய அந்த அளவில் இருக்கிறது. வைக்கோலில் கரிமம் அறுபது, எண்பது பங்கு. மரத்தூளிலோ பல நூறு பங்கு. தட்டில் தழைச்சத்து குறைந்தால் அவை மண்ணில் இருப்பதை இழுத்துக்கொள்ளும். மண்ணில் முதல் பந்தி எப்போதும் நுண்ணுயிர்களுக்குத்தான். செடி இரண்டாம் பந்தி. முதல் பந்தி முடியும் முன்பே நாற்றைக் கொண்டுபோய் உட்கார வைத்தால் காலி இலைதான் கிடைக்கும். பந்தி முடிந்து அவை மடியத் தொடங்கும்போது, இழுத்த சத்தெல்லாம் செடிக்கே திரும்பிவிடும். நடவுக்கு முன் மக்க வைப்பது அந்த நேரத்தைக் கடத்துவதற்காகத்தான்.

மக்கிய எருவைக் கண்டுபிடிக்கக் கையும் மூக்கும் போதும். கருப்பாக, உதிரியாக இருக்கும். எது வைக்கோல், எது சாணம் என்று அடையாளம் தெரியாது. குவியலுக்குள் கை விட்டால் சூடு இருக்காது. முதல் மழைக்கு எழும் மண்வாசனை அடிக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு பிடியை ஈரமாக்கி நெகிழிப் பையில் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறக்கும்போது புளித்த வாடையோ மூக்கைத் துளைக்கும் நெடியோ வந்தால் இன்னும் ஆகவில்லை. விற்பவர் "நல்லா மக்குனது சார்" என்பார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பச்சையாக வந்துவிட்டாலும் மோசமில்லை: நிழலில் குவித்து, ஈரம் காயாமல், மாதம் ஒருமுறை புரட்டிப் போட்டால் மூன்று நான்கு மாதத்தில் தயார். புரட்டும்போது விரல் பருமனில் வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழுக்கள் கண்ணில் பட்டால் பொறுக்கி எறியுங்கள். காண்டாமிருக வண்டு எருக்குழியில்தான் வளர்கிறது. பெரிதானதும் நேராகத் தென்னங்குருத்துக்குப் போகும்.

மாட்டெரு கிடைக்காத ஊரில் என்ன செய்வது? ஆட்டெரு இருக்கிறது. 'ஆட்டு எரு அந்த வருசம், மாட்டு எரு மறு வருசம்' என்பார்கள். ஆட்டெரு சீக்கிரம் வேலை செய்து சீக்கிரம் தீர்ந்துபோகும் என்பதை அனுபவத்தில் கண்டு சொன்னது. கோழி எரு இன்னும் வீரியமானது, கைப்பிடிக் கணக்கில்தான் போட வேண்டும். மண்புழு உரம் அருமையானது, ஆனால் கொல்லை முழுக்கப் போட்டால் விலை கட்டுபடியாகாது; நாற்று வைக்கும் இடத்தில் ஒரு பிடி போதும். தென்னை நார்க் கழிவைப் பச்சையாகப் போட்டால் மரத்தூள் செய்த அதே வேலையைச் செய்யும். அதன் கரிம அளவு நூறு பங்குக்கு மேல். உப்பும் இருக்கும். மக்க வைத்ததாக வாங்குங்கள். சமையலறைக் கழிவை நேராகப் புதைப்பதாக இருந்தால் ஓரடி ஆழம் வேண்டும், இல்லையென்றால் இரவில் பெருச்சாளி வந்து உங்களுக்காகக் கொத்திக் கொடுக்கும். தெருவில் கூட்டிக் கொளுத்தும் வேப்பஞ்சருகையும் புங்கஞ்சருகையும் சாக்கில் அள்ளி வந்து எருக்குவியலோடு அடுக்குங்கள். அக்கம்பக்கம் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை.

மணலாக இருந்தால் எருவோடு கரம்பையும் சேர வேண்டும். ஏரி, கண்மாயில் படிந்த வண்டலைக் கோடையில் வெட்டி நிலத்தில் அடிப்பது நம் ஊரில் பழைய வழக்கம். களி இல்லாத மணலில் எரு பிடித்துக்கொள்ள இடமில்லாமல் கரைந்து ஓடிவிடும். கரம்பை அந்த இடத்தைக் கொடுக்கும். எடுக்க அனுமதி வாங்க வேண்டும்.

எவ்வளவு?

காய்கறிக்கு ஹெக்டேருக்கு 25 டன் தொழு உரம் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு. நமக்குப் புரிகிற கணக்கில் சென்டுக்கு 100 கிலோ. ஏற்கனவே பயிர் செய்துவரும் நிலத்துக்கு அது சரி. ஆனால் பரப்பிப் பார்த்தால் அரை சென்டிமீட்டர் கனம்தான் வரும். செத்துக் கிடக்கும் கிராவல் தரைக்கு முதல் தடவை மட்டும் ஓர் அங்குல கனத்துக்குப் பரப்பச் சொல்வேன். அதாவது அதைப் போல நாலைந்து மடங்கு. இந்தக் கணக்கு நன்றாக மக்கிய மாட்டெருவுக்கும் இலை மக்குக்கும் மட்டும்தான். கோழி எருவை அங்குலக் கணக்கில் போட்டால் வேர் கருகும்.

இதையும் மனதில் வையுங்கள். ஒரு சென்டில் மேல் அரையடி மண்ணின் எடை ஏறத்தாழ 9 டன். அதில் 100 கிலோ எரு என்பது ஒரு சதவீதம் சொச்சம். அதிலும் பாதி தண்ணீர். மிச்சத்திலும் பெரும்பகுதியை நம் வெயிலில் நுண்ணுயிர்கள் ஒரே வருடத்தில் தின்று காற்றில் விட்டுவிடும். குளிர் நாடுகளில் ஒருமுறை போட்டது பல வருடம் நிற்கலாம். இங்கே வருடா வருடம் போட்டாக வேண்டும். 0.3 சதவீதக் கரிமத்தை ஒரே கோடையில் ஒரு சதவீதமாக்க முடியும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இத்தனை எருவுக்குக் காசில்லை என்றால் நிலத்திலேயே விளைவிக்கலாம். என்னைக் கேட்டால் காசு இருந்தாலும் இதைச் செய்ய வேண்டும். வளர்த்து அப்படியே மண்ணில் மடக்கும் பசுந்தாள் உரப் பயிர் தக்கைப்பூண்டு; சென்டுக்கு 200 கிராம் விதை வாங்கித் தூவுங்கள். நல்ல நிலத்தில் 45 நாளில் 80 முதல் 100 கிலோ பச்சைத் தழை தரும். மோசமான கொல்லையில் அதில் பாதி கிடைத்தாலும் லாபம்தான். நீர் தேங்கினாலும், கொஞ்சம் உவராக இருந்தாலும் தாங்கும். அதன் வேர் கிராவலில் துளை போடும் வேலையை எந்தக் கடப்பாரையும் செய்யாது. ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலிருந்து தழைச்சத்தை இழுத்துக்கொண்டிருக்கிறது. தண்ணீர் தேங்காத இடத்துக்குச் சணப்பு போடலாம். ஆடு மாடு மேயும் தெருவில் கொழிஞ்சி நல்லது, அவை அதில் வாய் வைக்காது. ஆனால் மெதுவாகத்தான் வளரும்.

தக்கைப்பூண்டு பூ எடுக்கத் தொடங்கும்போதே அதை வெட்டி மண்ணுக்குள் மடக்கிவிட வேண்டும். மஞ்சள் பூ அழகாக இருக்கிறது என்று விட்டால் தண்டு விறகாகிவிடும், அப்புறம் மக்க மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும்.

சித்திரையில் தொடங்கினால்

ஆடிப்பட்டத்துக்கு நட வேண்டும் என்றால் சித்திரையில் கைவைக்க வேண்டும். முதல் வேலை, குப்பையைச் சலித்து எடுத்து ஓரடி ஆழத்துக்குக் கொத்துவது. தரை கல்லாக இருந்தால் முந்தின நாள் மாலை தண்ணீர் விடுங்கள். சேறாக இருக்கும்போது மட்டும் மண்வெட்டி வைக்கக் கூடாது. களிமண்ணை ஈரத்தில் மிதித்துப் பிசைந்தால் அந்த வருடம் முழுக்கக் கட்டிதான். ஒரு பிடி மண்ணை அழுத்தி உருட்டி விரலால் தட்டினால் உதிர வேண்டும், அதுதான் பதம்.

தக்கைப்பூண்டை அப்போதே தூவி, மழை வராவிட்டால் குழாய்த் தண்ணீர் தெளித்து வளர்த்தால், வைகாசிக் கடைசியிலோ ஆனித் தொடக்கத்திலோ மடக்கலாம். அரிவாளால் சாண் சாணாக நறுக்கி, அதன்மேல் ஓர் அங்குலம் மக்கிய எருவைப் பரப்பி, சென்டுக்கு ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கைப் பொடித்துத் தூவி, மேல் அரையடிக்குள் கலந்து கொத்திவிடுங்கள். அதற்கும் கீழே எருவைப் புதைத்துப் பயனில்லை. காற்றும் உயிரும் இருப்பது மேலேதான். ஈரம் காயாமல் மூன்று வாரம் விடுங்கள். முதல் வாரம் பசுந்தழை அழுகும் வாடை வரும். அது போய் மண்வாசனை வந்தபின்தான் நாற்று.

எல்லா இடத்தையும் கொத்த முடியாது, குழிக்கு மட்டும் நல்ல மண் போட்டால் ஆகாதா என்று கேட்பார்கள். மரக்கன்றுக்கு இப்படிச் செய்துதான் நான் ஓர் எலுமிச்சையைப் பறிகொடுத்தேன். களித்தரையில் இரண்டடிக் குழி வெட்டி, தோண்டிய மண்ணை எறிந்துவிட்டு, தென்னை நார்த்தூளும் மண்புழு உரமுமாக நிரப்பினேன். பார்க்கப் பஞ்சு மெத்தை மாதிரி இருந்தது. ஐப்பசி மழையில் சுற்றியிருந்த களியிலிருந்து நீரெல்லாம் அந்தப் பஞ்சுக்குள் வடிந்து, குழி தொட்டியாகி, வேர் அழுகிப்போனது. இப்போதெல்லாம் தோண்டிய மண்ணையேதான் திரும்பப் போடுகிறேன். எரு மூன்றில் ஒரு பங்குக்கு மிஞ்சாது. எரு மக்க மக்கக் குழி உள்வாங்கும் என்பதால் தரைமட்டத்துக்கு மேலே கொஞ்சம் மேடாகவே நடுகிறேன்.

நட்டு முடித்ததும் தரையை வெறுமனே விடாதீர்கள். சருகோ வைக்கோலோ கரும்புச் சோகையோ இரண்டு மூன்று அங்குலத்துக்கு மூடாக்குப் போடுங்கள், தண்டை ஒட்டாமல் நாலு விரல் தள்ளி. மக்காத பொருளை மண்ணுக்குள் கொத்தினால்தான் சத்தை இழுக்கும் வம்பு. மேலே கிடந்தால் அடிப்பக்கம் மட்டும் மெதுவாக மக்கிக்கொண்டே வரும், தரையும் சூடேறாது.

முதல் வருடம் வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, கத்தரி, தண்டுக்கீரை என்று சொன்னபடி கேட்கும் பயிர்களாகப் போடுங்கள். முள்ளங்கியும் கேரட்டும் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். எவ்வளவு சலித்தாலும் கண்ணுக்குத் தப்பிய ஒரு ஜல்லி எங்கோ இருக்கும். முள்ளங்கி அதைச் சரியாகத் தேடிப்பிடித்து, அதன் தலையில் இடித்து, பேன்ட் போட்ட மாதிரி இரண்டு காலோடு வெளியே வரும்.